ஒரு டாலர் சீட்டும் பத்தாயிரம் டாலர் கோடும்

எட்டு சிலிண்டர் தேசம் – 11

2017 ஏப்ரலில், நியூயார்க் கார் கண்காட்சியில் டாட்ஜ் நிறுவனம் 'சேலஞ்சர் எஸ்.ஆர்.டி. டீமன்' என்ற காரை மேடையேற்றியது. விலை 84,995 டாலர். இந்த விலைக்குக் காருக்குள் ஒரே ஒரு சீட்தான் இருக்கும், அதுவும் ஓட்டுபவருக்கு. பக்கத்தில் மனைவியோ நண்பரோ உட்கார வேண்டுமென்றால் ஆர்டர் படிவத்தில் டிக் அடித்து இன்னும் 1 டாலர் கட்ட வேண்டும். பின்சீட்டுக்கு 1 டாலர். டிக்கியில் கார்ப்பெட் விரிக்க 1 டாலர்.

விளம்பரக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதில் எடைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. முன்சீட் 58 பவுண்டு, பின்சீட் 55 பவுண்டு. இரண்டையும் கழற்றினால் ஐம்பது கிலோவுக்கு மேல் மிச்சம். கால் மைல் டிராக் பந்தயத்துக்கென்றே செய்த காருக்கு அது சின்ன விஷயமில்லை. டீமன் அந்தக் கால் மைலை 9.65 விநாடியில் கடந்தது. பத்து விநாடிக்குள் ஓடும் காருக்கு உள்ளே இரும்புக் கூண்டு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பின் விதி. டீமனில் அது இல்லை. ஷோரூமில் வாங்கியபடியே கொண்டுபோனால் பந்தயத்தில் ஓட்ட முடியாது! இதையும் டாட்ஜ் பெருமையாகச் சொல்லி விளம்பரம் தேடிக்கொண்டது.

படிவத்தில் நான்காவதாக ஒரு டாலர் சாமான் உண்டு. அது ஒரு பெரிய பெட்டி. மூடியில் வாங்கியவர் பெயரும் காரின் வரிசை எண்ணும் பொறித்த தகடு. உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் அளவெடுத்து வெட்டிய பள்ளம்: முன்பக்கத்துக்கு ஒடுக்கமான இரண்டு வீல்கள், ஜாக்கி, நட்டு முறுக்க பேட்டரி ரெஞ்ச், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச், காற்று அளக்கும் கருவி, பெயின்ட்டில் கீறல் விழாமல் மட்கார்டின் மேல் போட ஒரு விரிப்பு. இவற்றோடு ஒரு இன்ஜின் கம்ப்யூட்டரும், டேஷ்போர்டில் பொருத்த ஒரு பட்டனும். சாதாரண பங்க் பெட்ரோலில் 808 குதிரைத்திறன் தரும் இன்ஜின், இந்தக் கம்ப்யூட்டரை மாட்டி 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் 840 தரும். மெக்கானிக் ஷெட்டில் நடக்க வேண்டிய 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' வேலை முழுவதையும் கம்பெனியே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டது.

மசில் கார் என்ற இனமே இப்படியொரு ஆர்டர் படிவத்தில் பிறந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. அதன் பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் சகாக்களும் சந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தடை புதிய மாடலுக்குத்தானே, விருப்பப்பட்டு வாங்கும் கூடுதல் சாமானுக்கு இல்லையே! 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 389 கன அங்குல இன்ஜினை ஓர் 'ஆப்ஷன்' ஆக்கினார்கள். ஜி.டி.ஓ. என்று பெயர், கிட்டத்தட்ட 296 டாலர் கூடுதல். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் வருடமே முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் போனது.

அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. 2,368 டாலர் என்ற விலையைத்தான் ஊரெல்லாம் பேசியது. அந்த விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் சாதுவான கார். கல்யாண மண்டப வாடகை மாதிரிதான்: வாடகை கம்மி, கரன்ட், ஜெனரேட்டர், பாத்திரம், கிளீனிங் எல்லாம் தனி. வி-8 இன்ஜின், பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், ரேடியோ, ஏ.சி. என்று பட்டியல் நீண்டது. கல்லூரி ஆசிரியைக்கும் பந்தயப் பைத்தியத்துக்கும் ஒரே காரை விற்க முடிந்தது அந்தப் பட்டியலால்தான். இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் கார்கள்.

இன்றைக்கும் இந்தக் கார் வாங்குபவனின் சாமர்த்தியம், எந்த வரியைக் கம்பெனியிடம் நிரப்பலாம், எதை வெளியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிப்பதில்தான் இருக்கிறது. 2015 மஸ்டாங் ஜி.டி.யை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் வி-8, 435 குதிரைத்திறன், விலை சுமார் 32,000 டாலர். 2,495 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 'பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்'. முன்சக்கரங்களுக்கு ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக், 19 அங்குல வீலில் அகலமான கோடை டயர்கள், பெரிய ரேடியேட்டர், இறுக்கமான ஸ்பிரிங்குகள், இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிடிமானத்தைப் பங்கு போட்டுத் தரும் டோர்சன் டிஃபரன்ஷியல். இதே சாமான்களைப் பிற்பாடு ஒவ்வொன்றாகக் கடையில் வாங்கிக் கூலி கொடுத்து மாட்டினால் இரண்டு மடங்கு தாண்டும். பிரேக், ரேடியேட்டர், டிஃபரன்ஷியல் மூன்றையும் கம்பெனியிடமே வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. வாரன்டியும் முழுசாக நிற்கும். சைலன்சர், கியர் நாப், சீட் கவர், ஸ்டிக்கர் எல்லாம் வெளியில் மலிவு. தேர்ந்தெடுக்க வகையும் அதிகம்.

ஆனால் ஆசை யாரை விட்டது? பிரேக்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மனசு சூப்பர்சார்ஜருக்குப் போய்விடும். இன்ஜினின் தலையில் உட்கார்ந்து காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இயந்திரம் அது. 2016 வாக்கில் ஒஹாயோவில் ஃபோர்டு டீலர் ஒருவர், அடிப்படை மஸ்டாங் ஜி.டி.யில் சூப்பர்சார்ஜர் பூட்டி 727 குதிரைத்திறன் காரை 39,995 டாலருக்கு விற்றார். அந்தச் சமயத்தில் டாட்ஜ் ஹெல்கேட்டின் 707 குதிரைத்திறனுக்கு அறுபதாயிரம் டாலர் ஆகும். இணையமே அமளிப்பட்டது. இருபதாயிரம் டாலர் வித்தியாசம் எங்கே போனது? ஹெல்கேட்டில் அந்தச் சக்திக்கு ஏற்ற கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக், குளிர்விப்பு எல்லாமே கம்பெனி சேர்த்த செலவு. மலிவுக் காரின் அடிப்படை டயரோ 18 அங்குல வீலில் 235 மில்லிமீட்டர் அகலம், மழைக்கும் வெயிலுக்கும் பொதுவான ரகம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் புகைதான் வரும். ஹெல்கேட்டுடன் டாட்ஜ் இரண்டு சாவிகள் கொடுத்தது. சிவப்புச் சாவி போட்டால் 707, கறுப்புச் சாவி போட்டால் 500. பிள்ளைக்கும் ஹோட்டலில் கார் நிறுத்துபவருக்கும் கறுப்பு.

வெளிச் சாமான் மாட்டினாலே வாரன்டி போய்விடும் என்று டீலர்கள் மிரட்டுவதுண்டு. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சாமான்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். சைலன்சர் மாற்றியவனுக்குப் பவர் விண்டோ ரிப்பேரை மறுக்க முடியாது. சூப்பர்சார்ஜர் மாட்டி பிஸ்டனை உடைத்தவன் கதை வேறு. அங்கே காட்டுவது கம்பெனிக்குச் சுலபம். புகைச் சட்டம் இதைவிடக் கறார். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்கா முழுவதும் குற்றம். கலிஃபோர்னியாவில் இன்ஜின் சாமானுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும், அதற்கான ஸ்டிக்கர் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்க வேண்டும். சைலன்சர் சத்தமும் 95 டெசிபலைத் தாண்டக் கூடாது.

அலங்காரத்துக்கு வருவோம். 2020 மஸ்டாங் ஷெல்பி ஜி.டி.500, எழுபதாயிரம் டாலர் சொச்சம் விலை, 760 குதிரைத்திறன். பானட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் இரட்டைக் கோடு அதன் அடையாளம். ஸ்டிக்கராக ஒட்டினால் ஆயிரம் டாலர். அதையே பெயின்ட்டில் அடித்துத் தர 10,000 டாலர்! அதே படிவத்தில் 18,500 டாலருக்குக் கார்பன் ஃபைபர் பேக்கேஜ் இருந்தது: கார்பன் வீல்கள், பெரிய பின் இறக்கை, பந்தய டயர்கள். அதையாவது ஸ்டீயரிங் பிடிக்கும் கை உணரும். பத்தாயிரம் டாலர் கோட்டை, பக்கத்தில் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பவர் மட்டும்தான் கண்டுபிடிப்பார். அப்படித் தடவிப் பார்ப்பவர்களும் அமெரிக்காவில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்த வரி.

நம் நாட்டுக்கு 2016 ஜூலையில் மஸ்டாங் ஜி.டி. வந்தபோது இந்தப் பட்டியல் சுகமே இல்லை. ஒரே மாடல், ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ், டெல்லி எக்ஸ்-ஷோரூம் 65 லட்ச ரூபாய். இறக்குமதி வரிதான் இங்கே பெரிய ஆக்சசரி.

அமெரிக்கச் சந்தையில் புதுக் காரின் ஜன்னலில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டுக்கு மன்ரோனி ஸ்டிக்கர் என்று பெயர். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அடிப்படை விலை, ஒவ்வொரு ஆப்ஷன், கொண்டுவந்து சேர்த்த கட்டணம் எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். அதிக பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கு 1978 சட்டப்படி ஒரு தனி வரியும் உண்டு. டீமனின் 84,995இல் 1,700 டாலர் அந்த வரிதான். அதைவிட அதிகம் குடிக்கும் பிக்கப் லாரிகளுக்கு அது கிடையாது. ஏனென்று டெக்சாஸ் விவசாயியைக் கேட்டால் சிரிப்பார்.

ஆனால் அந்தச் சீட்டில் இருப்பது 'பரிந்துரை' விலை மட்டுமே. காரை விற்பது கம்பெனி இல்லை, டீலர். கிராக்கி உள்ள மாடல் என்றால் பக்கத்தில் இன்னொரு சீட்டு முளைக்கும். 'சந்தைச் சரிக்கட்டல்' என்ற பெயரில் ஐயாயிரம், பத்தாயிரம், சில சமயம் அதற்கு மேலும். கூடவே டயரில் நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கண்ணாடியில் எண் பொறித்தல் என்று யாரும் கேட்காத சாமான்கள். டீமன் 3,300 மட்டுமே செய்யப்பட்டதால், ஸ்டிக்கர் விலையிலோ அதற்குக் கீழோ விற்ற ஆர்டர்களை முதலில் தயாரிப்போம் என்று டாட்ஜ் அறிவித்தது. அப்படியும் சீட்டு முளைப்பதை முழுக்க நிறுத்த முடியவில்லை. இரண்டாவது சீட்டு ஒட்டிய காரைப் பார்த்தால் அடுத்த ஊர் டீலருக்குப் போன் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

விற்கும்போது வேறொரு கணக்கு. சூப்பர்சார்ஜருக்குப் போட்ட பணம் திரும்பி வராது. பழைய காரை வாங்க வருபவர், இதை எப்படி அடித்து ஓட்டியிருப்பான் என்றுதான் முதலில் யோசிப்பார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கழற்றிய ஒரிஜினல் சாமானைத் தூக்கிப் போடுவதில்லை. கராஜ் மூலையில் பத்திரமாக வைத்திருந்து, விற்பதற்கு முன் திரும்ப மாட்டிவிட்டு, எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கைத் தனியாக வேறொருவருக்கு விற்பார்கள். இரண்டாக விற்றால்தான் காசு.

இந்த ஸ்பேனர் வேலைக்கெல்லாம் இப்போது கம்பெனிகள் கதவடைத்து வருகின்றன. 2023 டிசம்பரோடு சேலஞ்சரும் செவர்லே கமாரோவும் நின்றுவிட்டன. 2024 மஸ்டாங்கின் கம்ப்யூட்டருக்குள் வெளி ஆட்கள் எளிதில் நுழைய முடியாதபடி ஃபோர்டு பூட்டுப் போட்டது. புதிய மின்னணு அமைப்பில் அது தவிர்க்க முடியாதது என்றார்கள். டாட்ஜின் புது எலெக்ட்ரிக் சார்ஜரில் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்று கூடுதல் சக்தி தரும் கிட்கள் வந்தன. ஸ்டேஜ் 1 சேர்ந்த ஆர்/டி மாடல் 456இலிருந்து 496 குதிரைத்திறனுக்குப் போனது. மாட்டுவதற்கு ஒரு நட்டும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் கோடு. பழைய பழக்கம் விடாதவர்களுக்கு ஃபோர்டில் இன்னும் ஒரு வரி மிச்சமிருக்கிறது. 2024 மஸ்டாங் ஜி.டி.யில் 1,225 டாலர் கொடுத்து 'ஆக்டிவ்' சைலன்சர் வாங்கினால் 480 குதிரைத்திறன் 486 ஆனது. ஒரு குதிரைக்கு 204 டாலர். சத்தம் இலவசம்.

(அடுத்த வாரம்: வாடகைக்கு விட்ட பந்தயக் கார் – 1966இல் ஹெர்ட்ஸ் நிறுவனமும் கரோல் ஷெல்பியும்)