முள் வெட்டும் கத்தி: எது நம் கைக்கு ஏற்றது?



ஏரிக்கரை, பாலாற்றங்கரை, காலி மனை என எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல முள். விறகுக்காக அதை வெட்டுவது பெரும்பாலும் நாம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் வெளிநாட்டுக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர்கள். ஆனால் நாம் முள் வெட்டப் போவதோ ரப்பர் செருப்போடும் வெறுங்கையோடும்! கேட்டால், "முள்ளு குத்தாம விறகு வருமா?" என்று சிரிக்கிறோம். வரும். முதலில் கருவியைப் பார்ப்போம்.

வெட்டுக்கத்தி: நேரானது, கனமானது. தடித்த கிளைக்கு நல்லது. ஆனால் கிளையைப் பிடிக்கிற இடது கைக்கு ஆபத்து. ரொம்பக் கனமாக இருந்தால் மணிக்கட்டும் தோளும் வலிக்கும்.

கொடுவாள்: நுனி வளைந்தது. கிளையைக் கொக்கி போல இழுத்து வெட்டலாம். இடது கையில் கவைக்கோல் வைத்து முள்ளைத் தள்ளிப் பிடித்தால் கை முள்ளருகே போகவே வேண்டாம். நம் வேலைக்கு இதுவே ஏற்றது.

தொரட்டி: உயரக் கிளைக்கு. நேர் கீழே நிற்காதீர்கள், கிளை முகத்தில் விழும்.

கதிர் அரிவாள்: புல்லுக்கு மட்டும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய 'நவீன்' அரிவாள் பல் வைத்தது, எடை குறைவு. ஆனால் முள் கிளைக்கு அது ஆகாது.

வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். 3 முதல் 4 செ.மீ. கனம் போதும். அடியில் குமிழ் இருந்தால் வியர்வையில் நழுவாது. சாணை பிடித்த கத்தியே பாதுகாப்பு. மழுங்கிய கத்திக்கு ஓங்கி வெட்ட வேண்டும், அது தெறித்துக் காலில் படும். இருவர் வெட்டினால் நடுவில் 10 அடி விடுங்கள்.

தோல் கையுறையும் பழைய மூடிய ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். கத்திக்கு உறையும் வேண்டும். வெட்டுத் தோலில் நாமே தைக்கலாம். வாய்ப்பக்கம் இரண்டு தோலுக்கு நடுவே ஒரு தோல் பட்டை வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் கத்தி தையலையே அறுத்துவிடும்.

முள் ஆழமாகக் குத்தினால் சுண்ணாம்பு, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று ரண ஜன்னி தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். முனை உடைந்து உள்ளே தங்கினால் மூட்டே வீங்கிப்போகும். அப்புறம் எத்தனை நாள் கூலி போகும்?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரவர் கத்தியைக் கொண்டு வாருங்கள். எதற்குச் சாணை, எதற்குப் புதுப்பிடி, எதற்கு உறை என்று சேர்ந்தே பார்ப்போம்.