மாட்டின் புழு காட்டிக்கொடுக்கும் சீலின் நோய்

ஜெர்மனியின் வட கடல் கரையில் துறைமுகச் சீல் குட்டிகள் ஜூன், ஜூலை மாதங்களில் பிறக்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதம் தாய்ப்பால். அதுவரை பொதுவாக நுரையீரலில் புழு இருப்பதில்லை. பால் மறந்து மீன் தின்னத் தொடங்கியபின்தான் வினை. இலையுதிர் காலத்தில் சில குட்டிகள் எலும்பும் தோலுமாகக் கரையொதுங்கி, இருமி இருமி, ரத்தம் கலந்த சளியைக் கக்குகின்றன.

அவற்றின் நுரையீரலில் இருவகைப் புழுக்கள் உண்டு. ஓட்டோஸ்ட்ராங்கைலஸ் விரல் நீளம் வளர்ந்து மூச்சுக்குழாய்க் கிளைகளை அடைத்துக்கொள்ளும். பாராஃபிலாராய்டஸ் மயிரிழை போல மெலிந்து, காற்றறைகளுக்குள்ளேயே புதைந்திருக்கும். இவை ஈனும் இளம்புழுக்கள் இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மலத்தோடு கடலில் சேர்கின்றன. அங்கிருந்து மீனுக்கு, மீனிலிருந்து அடுத்த விலங்குக்கு. கலிபோர்னியாவில் கடல் சிங்கத்தின் மலத்தை நேரடியாகத் தின்னும் ஒரு மீன் இனமே புழுவைத் திரும்பவும் கடல் சிங்கத்திடம் கொண்டுசேர்க்கிறது.

அப்படியானால் மலத்தைப் பரிசோதித்தால் போதுமே? கண்ணாடித் தகட்டில் துளி மலமோ சளியோ தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் சுருண்டு கிடக்கும் இளம்புழு தெரியும். தெரிந்தால் நோய் உறுதி. தெரியாவிட்டால் எதுவும் உறுதியில்லை. இளம்புழு எல்லா நாளும் வெளியேறுவதில்லை. கலிபோர்னியாவின் இளம் யானைச் சீல்களின் நிலை இன்னும் கொடுமை. ஓட்டோஸ்ட்ராங்கைலஸ் அவற்றைத் தாக்கும்போது, புழு முதிர்ந்து குட்டி ஈனும் முன்பே ரத்தக்குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து சீல் இறந்துவிடுகிறது. மலத்தில் ஒரு தடயமும் இருக்காது. அங்கே மருத்துவர் ரத்த அணுக்களின் மாற்றத்தையும் ரத்தம் உறைவதில் வரும் கோளாற்றையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் கையாண்ட வழி என்னை வியக்க வைக்கிறது. உருளைப்புழுக்களின் விந்தணுவுக்கு வால் கிடையாது. அது நீந்தாமல் ஊர்ந்து போகிறது. அந்த ஊர்தலுக்கென்றே தனியாக ஒரு புரதம் வைத்திருக்கிறது. புழு இனங்களுக்கிடையே அந்தப் புரதம் பெரிதாக மாறுவதில்லை. மாட்டின் நுரையீரல் புழுவிலுள்ள அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, அதன்மேல் சீலின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரைச் சேர்த்தார்கள். சீலின் உடல் தன் புழுவுக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருள் மாட்டுப் புழுவின் புரதத்தையும் பற்றிக்கொண்டது! புல்வெளியில் மேயும் மாட்டின் நோய்க்காக உருவான சோதனை, கடல் விலங்கின் நோயைக் கண்டுசொல்கிறது. உயிரோடுள்ள சீலிடம் சிறிது ரத்தம் எடுத்தால் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. அந்தப் புரதம் முதிர்ந்த ஆண் புழுவிடமே இருப்பதால், தொற்றின் தொடக்க நாள்களில் இச்சோதனை பேசாது. அப்போது எக்ஸ்ரேயும் மருத்துவரின் காதும்தான் துணை. வயதை வைத்தும் எப்போதும் முடிவுசெய்ய முடியாது. சீல் குட்டிகளைப் போலன்றி, டால்பின்களில் தாயின் கருப்பையிலேயே புழு தொற்றிப் பிறக்கும் கன்றுகளும் உண்டு. இன்னும் மீனே தின்னவில்லை என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

இருமும் சீலுக்கு உடனே புழு மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அது ஆபத்து. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால், அந்தச் சடலங்களே மூச்சுக்குழாயை அடைத்து, அழற்சியைக் கிளப்பி விலங்கைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகுதான் மருந்து.