கடன் வாங்கிய தசை

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, பற்றிக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். முன்கையில் ஏதோ நெளிகிறதல்லவா? விரல்களுக்குள் தசையே கிடையாது! அவற்றை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகள், கப்பியின் மேல் ஓடும் கிணற்றுக் கயிற்றைப் போல, மணிக்கட்டைக் கடந்து வந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன. உள்ளங்கையிலும் சிறு தசைகள் உண்டு. விரலின் அடிமூட்டை மடக்கி, மற்ற இரு மூட்டுகளையும் நீட்டி வைப்பவை அவையே. சோற்றைப் பிசைந்து எடுப்பதற்கும் பேனா பிடிப்பதற்கும் இவ்விரு வகை விசைகளும் சமநிலையில் இருக்க வேண்டும்.

தொழுநோய் குலைப்பது இந்தச் சமநிலையைத்தான். அதன் கிருமிகள் உடலின் குளிர்ச்சியான இடங்களில் பெருகுபவை. ஆகவே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தாக்குகின்றன. முழங்கையை இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று ஷாக் அடிப்பது போலிருக்கிறதே, அந்த நரம்பும் அவற்றுள் ஒன்று. அது கெட்டால் உள்ளங்கைத் தசைகள் செயலிழக்கும். முன்கைத் தசைகளோ பெரும்பாலும் தப்பிவிடும். எதிர்த்து இழுப்பார் இல்லாமல் அவை இழுக்க, விரல்கள் பருந்தின் நகங்களைப் போல வளைந்துவிடும்.

திருப்போரூரிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் செங்கற்பட்டு. அதன் அருகே திருமணியில் இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. (1955இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது.) 1947இல், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததன் பேரில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் அங்கு வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் கட்டடத் தொழிலும் தச்சும் கற்றவர்.

அங்கே விரல்கள் வளைந்த ஒரு நோயாளியிடம், தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்க முடியவில்லை! அந்தக் கைக்குள் பலமான தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அந்த நொடியில் விளங்கிற்று. அப்படியானால் அந்த விசையைத் திசை மாற்றிவிட்டால் என்ன?

1948இல் வேலூரில் அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. பின்னாளில் அவர் கையாண்ட முறை ஒன்றைப் பாருங்கள். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க மூன்று தசைகள் உண்டு; ஒன்றைக் கடன் வாங்கலாம். ஆனால் அதன் நாண் விரல்வரை எட்டாது. கெண்டைக்காலில் மெல்லிய, நீண்ட நாண் ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது பிறவியிலேயே இல்லை. அவர்களும் நன்றாகவே நடக்கிறார்கள். அதை எடுத்து ஒட்டி, நான்கு இழைகளாக்கி, உள்ளங்கை வழியே செலுத்தி நான்கு விரல்களிலும் தைப்பார்கள். இழை தளர்ந்திருந்தால் விரல் நிமிராது, இறுகினால் மடங்காது. இழுவிசையைச் சரியாக வைப்பதில்தான் சூட்சுமம். பிறகு மூளைக்குப் பாடம்: மணிக்கட்டைத் தூக்க நினைத்தால் விரல் அசையும்! வாரக்கணக்கில் பயிற்சி செய்துதான் இது பழக்கமாகும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. கை சீரானவர்கள் சிலர், முன்போல் பிச்சை கிடைக்கவில்லையே என்று பிராண்டிடம் குறைப்பட்டார்கள். தழும்பைக் கண்டவர்கள் வேலையும் தரவில்லை. எனவே வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' என்னும் சிறு குடியிருப்பை அமைத்து, தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்பித்தார்கள்.

ஆனால் குணமான கைகளில் புதுப்புண்கள் தோன்றின. நோய் சதையை அழுகச் செய்கிறது என்றே அக்காலத்தில் பலர் நம்பினார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. தொழுநோயுள்ள ஒரு சிறுவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. எலும்புவரை வெட்டியிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை! அவன் பலசாலி அல்லன். சாவியின் மெல்லிய விளிம்பில் விசை குவியும்போது நம்மை நிறுத்தும் வலி அவனுக்கு இல்லை, அவ்வளவே. நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கவனித்தபோது, புண்களின் காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன: சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, இரவில் கடிக்கும் எலி.

பாதத்துக்கு நீங்கள் படித்த கணக்கே போதும். 50 கிலோகிராம் நிறையுள்ளவரின் எடை ஏறக்குறைய 500 நியூட்டன். அது 100 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 5 நியூட்டன். 10 சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் 50! நமக்கு வலித்தால் காலை மாற்றி வைப்போம். உணர்ச்சி இழந்தவர் அதே இடத்தில் ஆயிரம் முறை மிதிப்பார். நுண்துளை ரப்பரால் செய்த மென்மையான செருப்பு அந்தப் பரப்பைக் கூட்டிவிடுகிறது. பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்றார். இதே கணக்கு அங்கே நீரிழிவால் பாத உணர்வை இழந்தவர்களுக்கும் பயன்பட்டது. 2003இல் அவர் காலமானார்.

தொழுநோய்க்கு இன்று 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தோலில் உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் யாருக்காவது தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். நரம்பு கெடுமுன் மருந்து தொடங்கினால் கடன் வாங்கும் தேவையே வராது.