1000 வாட் என்று எழுதியிருந்தால்: பலெர்மோவில் ஸ்பீக்கர் வாங்குமுன்

அட்டைப் பெட்டியின் முகப்பில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் மின்சார அடாப்டரை எடுத்து, அதன் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட். உள்ளே போவது 24 வாட் என்றால் வெளியே 1000 வாட் தொடர்ந்து வர வழியே இல்லை. அந்த ஆயிரம், பி.எம்.பி.ஓ. என்று சொல்லப்படும் கணக்கு. அதற்கென்று ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை கிடையாது. போடுகிறவர் போட்டதுதான் எண். ஆர்.எம்.எஸ். என்று தனியாகக் குறித்த வாட்டை மட்டும் பாருங்கள். அதையும் அடாப்டரின் எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

எண்பதுகளிலிருந்து பலெர்மோவில் வந்து குடியேறிய ஈழத்தமிழரில் பலர் வீட்டுவேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைக்கிறவர்கள். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் 150 யூரோ அவர்களுக்கு விளையாட்டுக் காசு இல்லை. கைப்பேசியிலும் டிவியிலும் பாட்டுக் கேட்டு அலுத்துப்போய், அலமாரித் தட்டில் வைக்கிற ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கிளம்பினால் மூன்று வழி தெரியும். பெரிய மின்கருவிக் கடை, இணையம், பல்லரோ சந்தையை ஒட்டிய அல்பெர்கெரியாத் தெருக்களில் பரப்பி வைத்திருக்கும் பழைய சாமான் சந்தை. மூன்றிலும் அதே ஸ்பீக்கர் கிடைக்கலாம். ஆனால் அதோடு சேர்ந்து வருகிற உரிமை இடத்துக்கு இடம் மாறுகிறது. விலையை ஒப்பிடும்போது அந்த உரிமைக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. காரணம், ஸ்பீக்கரின் தரம் வாங்குகிற நேரத்தில் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை என்பதற்கு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் அமெரிக்க ஹார்மன் நிறுவனத்திலும் வேலை செய்த ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து மதிப்பெண் போடச் சொன்னவர். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில், மலிவான சின்ன செட் ஒன்று திரைமறைவில் நல்ல மதிப்பெண் வாங்கியது. கண்ணால் பார்த்துக் கேட்டபோது அதே செட் கீழே இறங்கியது. பெரிய பெட்டி, பெயர்பெற்ற முத்திரை, கூடிய விலை ஆகியவை கேட்டவர்களின் காதையே மாற்றின. கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஸ்பீக்கர்களோடு பழகியவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் சனிக்கிழமைக் கூட்டத்தில் கடையில் நின்று கேட்கிற நம் நிலையை யோசியுங்கள். கண்ணை மறைத்துவிட்டால் பெரும்பாலானோரின் தேர்வு ஒத்துப்போகிறது, தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சம்வரை எதையும் தூக்காமலும் அமுக்காமலும் தருகிற ஸ்பீக்கரையே விரும்புகிறார்கள் என்பதும் இவர்கள் ஆராய்ச்சியில் தெரிந்தது. நல்ல ஒலி என்பது அவரவர் ரசனை மட்டும்தான் என்று சொல்லி எதையும் நம் தலையில் கட்டமுடியாது.

இன்னொரு பொறி சத்தத்தின் அளவு. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது சத்தமாக இருக்கிறது என்று தோன்றாது. தெளிவாக இருக்கிறது என்றுதான் தோன்றும். கடைக்காரர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் இது நடக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது பாடுகிற குரல் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிற இடத்தில் ஒப்பிடவே வேண்டாம்.

கேட்பதற்குக் கடைக்காரரின் பாட்டு வேண்டாம், நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டைக் கொண்டுபோங்கள். தம்புராவோடு தனியாக ஒரு பெண்குரல் வருகிற இடத்தில் தொடங்கலாம். ச, ஷ வரும்போது சீறுகிறதா? குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிறதா, இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆள் நிற்பதுபோல வருகிறதா? அடுத்து மிருதங்கம். வலந்தலையின் நறுக்கு எல்லா ஸ்பீக்கரிலும் ஓரளவு வந்துவிடும். தொப்பியின் கும்காரம்தான் உண்மையைச் சொல்லும். கை வழுக்கி ஏறும்போது அந்த ஒலியும் வளைந்து ஏறவேண்டும். எல்லா அடியும் ஒரே 'தொம்' ஆகக் கேட்டால், பெட்டி தன் சொந்த அதிர்வை நமக்குக் கேட்கத் தருகிறது. பிறகு நாதஸ்வரத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். பத்து நிமிடத்தில் காது களைத்தால் அந்த ஸ்பீக்கரை வாங்காதீர்கள்.

எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டாரைத் தேடிக் கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிரும். நான்கு அங்குலக் கூம்பு உள்ள சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் 60, 70 ஹெர்ட்ஸிலேயே இறங்கத் தொடங்கிவிடும். 82 ஹெர்ட்ஸில் வருகிற அந்தத் தந்தியின் மேல்சுரத்தை வைத்து மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. அதனால் மெட்டு புரியும், நெஞ்சில் அதிராது. அது குறை இல்லை, அளவின் எல்லை. விவரத்தாளில் '40 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருளில்லை. கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்ற வரம்பும் சேர்ந்திருந்தால்தான் அந்த எண் பேசும்.

விலையைக் கூட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள். பாசிவ் ஸ்பீக்கருக்குத் தனியாக ஆம்ப்ளிஃபையரும் வயரும் வேண்டும், அந்தச் செலவு விலைச்சீட்டில் தெரியாது. ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும், ஆனால் அது கெட்டால் முழுப் பெட்டியும் முடங்கும். நான் பாசிவின் பக்கம். வருடக்கணக்கில் நிற்கும், பகுதி பகுதியாக மாற்றலாம். ஒரே தடவையில் செலவை முடிக்க நினைப்பவருக்கு ஆக்டிவ்தான் சரி.

கடையில் நன்றாகக் கேட்டது வீட்டில் கேட்காமல் போவதும் இங்கே அடிக்கடி நடக்கும். பலெர்மோவின் பழைய வீடுகளில் கூரை உயரம், தரை முழுக்க ஓடு, சுவர் கல். சத்தம் மோதி மோதி எதிரொலிக்கும். தரையில் ஒரு கம்பளமும் ஜன்னலில் கனமான திரையும் போட்டால், கூடுதலாக நூறு யூரோ கொடுத்து வாங்கும் ஸ்பீக்கரைவிடக் கூடிய மாற்றம் தெரியும். பின்பக்கம் துளை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் வீங்கும். ஒரு சாண் முன்னால் இழுங்கள். இதையெல்லாம் உங்கள் அறையில், உங்கள் பாட்டோடு, சில நாள் கேட்டால்தான் தெரியும். அந்தச் சில நாளைச் சட்டம் தருகிறது.

இணையத்திலோ தொலைபேசியிலோ ஒரு வியாபாரியிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு இத்தாலியில் ரெசெஸ்ஸோ என்று பெயர். அந்த 14 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால் போதும், அனுப்பி வைக்க மேலும் 14 நாள் உண்டு. சாதாரண அனுப்புச்செலவோடு பணம் திரும்பவேண்டும். திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக நம்முடையது. கீறல் விழாமல் பாருங்கள், பெட்டியையும் உள்ளட்டையையும் எறியாதீர்கள். கடைக்குள் நேரில் போய் வாங்கியதற்கு இந்த உரிமை இல்லை. மாற்றித் தருகிற கடைகள் தங்கள் விருப்பத்தில்தான் தருகின்றன, ஆகவே பணம் கட்டுமுன் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பழுதானால் கதை வேறு. 2005ஆம் ஆண்டின் 206ஆம் எண் நுகர்வோர் சட்டத்தொகுப்பு, கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் கரன்ட்சியா லெகாலே என்ற 2 வருடச் சட்ட உத்தரவாதம் தருகிறது. பொறுப்பு விற்றவருடையது. "கம்பனிக்கு எழுதுங்கோ, நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது" என்று சொல்லி உங்களை வெளியே அனுப்ப கடைக்கு உரிமை இல்லை. முதல் 1 வருடத்துக்குள் தெரிகிற குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. குறையைக் கண்ட 2 மாதத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனை, 2022 ஜனவரி முதல் விற்கப்பட்ட பொருளுக்குக் கிடையாது. முதலில் இலவசத் திருத்தம் அல்லது மாற்றுப் பொருள். அது நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் வாபஸ். வியாபாரி விற்கும் பழைய பொருளுக்கும் இது உண்டு, ஒப்பந்தத்தில் எழுதி 1 வருடமாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே முடியாது. குடியுரிமை யாருடையது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை.

காசு கட்டும் மேசையில் நீட்டுகிற 'கூடுதல் உத்தரவாதம்' பெரும்பாலும் தேவையில்லை. சட்டம் ஏற்கெனவே தந்ததை மறைத்து, காசுக்கு உத்தரவாதம் விற்றதற்காக இத்தாலியின் ஆன்டிட்ரஸ்ட் ஆணையம் 2011 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்துக்கே 9 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

தனியாளிடம் வாங்கும் பழைய சோடிக்கு இந்த 2 வருடம் கிடையாது. சிவில் சட்டத்தின்படி மறைந்திருந்த குறையைக் கண்ட 8 நாளுக்குள் சொல்லவேண்டும், 1 வருடத்தோடு எல்லாம் முடியும். 'விஸ்தோ எ பியச்சூத்தோ', அதாவது பார்த்துப் பிடித்து வாங்கியது, என்று எழுதி விற்றால் அதுவும் பெரும்பாலும் போய்விடும், தெரிந்தே மறைத்ததை நிரூபித்தால் தவிர. ஆகவே வாங்குகிற இடத்திலேயே சோதியுங்கள். சட்டைப்பையில் ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் போதும். பாசிவ் பெட்டியின் பின்முனைகளில், கூட்டலோடு கூட்டல் சேரும்படி, ஒரு கணம் தொடுங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு கூம்பு சற்று வெளியே தள்ளவேண்டும். உள்ளே போனால் முனை மாறியிருக்கிறது, அசையவே இல்லை என்றால் சுருள் எரிந்திருக்கலாம். பிறகு நான்கு விரலால் கூம்பைச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். விளிம்பில் உள்ள நுரைவளையம் பதினைந்து இருபது வருடத்தில் மாவாக உதிர்கிற பொருள், நகத்தால் லேசாகத் தொட்டாலே தெரியும். அல்பெர்கெரியாவில் நேர்மையாகப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர், இந்தச் சோதனைக்கு அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, "கிட்டங்கியில் ஒரு செட் கூடுதலாக ஏற்றிவிட்டார்கள், 1500 யூரோ சாமான், 200க்குத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் மட்டும் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். வட அமெரிக்காவில் பல பத்தாண்டு ஓடி, ஐரோப்பாவுக்கும் வந்த மோசடி இது. வழவழப்பான விலைப்பட்டியலும் கேள்விப்பட்டதுபோல ஒலிக்கும் முத்திரையும் கையில் தருவார்கள். பெட்டிக்குள் இருப்பது அடிமாட்டு விலைச் சாமான். இழப்பு காசோடு நிற்காது. போலி முத்திரைப் பொருளை வாங்குகிறவருக்கே 300 முதல் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. விலையையோ விற்பவரையோ பார்த்தால் சந்தேகம் வரவேண்டிய பொருளை விசாரிக்காமல் வாங்குவது, குற்றவியல் சட்டத்தின் 712ஆம் பிரிவில் இன்காவுதோ அக்விஸ்தோ என்ற குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவேண்டிய ஒருவர் இந்த வம்பை விலைகொடுத்து வாங்கக்கூடாது.

பற்றுச்சீட்டை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கின் வரியும் சாட்சிதான். கடை மறுத்தால் வாய்ப்பேச்சை நிறுத்தி, எந்த நாளில் வாங்கினீர்கள், என்ன பழுது, திருத்தம் வேண்டுமா மாற்று வேண்டுமா என்பதை எழுதி, பதிவுத்தபாலான ரக்கொமந்தாத்தாவிலோ பெக் என்ற சான்றளித்த மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். மொழி தடை என்றால் இத்தாலியப் பள்ளியில் படிக்கிற பிள்ளை எழுதித் தரும்; ஃபெதர்கொன்சுமாத்தோரி, அதிகொன்சும் போன்ற நுகர்வோர் சங்கங்களும் உதவும். விற்றவர் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் இத்தாலியில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்திடம் முறையிடலாம். அதற்கும் அசையாவிட்டால் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜூதிச்சே தி பாச்சே நீதிமன்றம் இருக்கிறது. கடை மிலானோவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பலெர்மோவிலேயே வழக்குப் போடலாம். 1,100 யூரோ வரையான வழக்குக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை, கட்டணம் 43 யூரோ.