நுரையீரல் புற்றுநோய் கண்ணுக்கும் விரலுக்கும் பரவுமா? கண்டுபிடிப்பது எப்படி?

கண் மங்கினால் கண் டாக்டர், ஈறு வீங்கினால் பல் டாக்டர். திருச்சியோ ஸ்ரீரங்கமோ, எல்லாரும் செய்வது இதுதான். ஆனால், நுரையீரல் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர் என்றால், அந்தப் பழைய கதையையும் டாக்டரிடம் சொல்லியே ஆகணும். ஏன்?

எங்கெல்லாம் பரவும்?

மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி ஆகியவை இந்த நோய் வழக்கமாகப் பரவும் இடங்கள். ரத்தம் வழியாகப் போகும் புற்றுசெல்கள், அரிதாக வேறு இடங்களிலும் தங்கிவிடும்.

* தோல்: வலியில்லாத, கெட்டியான கட்டி
* கண்ணின் உட்படலம்: பார்வை மங்கல்
* விரல் நுனி எலும்பு: நகச்சுற்று போன்ற வீக்கம்
* ஈறு: ஆறாத வீக்கம்
* சிறுகுடல்: அடைப்பு, ரத்தக்கசிவு

சிலருக்கு நுரையீரலில் நோய் இருப்பதே இப்படித்தான் தெரியவரும்.

பெட் ஸ்கேன் என்ன செய்யும்?

கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஊசி மூலம் ஏற்றுவார்கள். வேகமாக வளரும் செல்கள் அதை அதிகம் இழுப்பதால், ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். அந்த மருந்தில் உள்ள ஃபுளூரின்-18, சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் சொன்ன நேரத்துக்குப் போவது முக்கியம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் படம் தெளிவாக வராது. சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிடணும்.

மூளை எப்போதுமே குளுக்கோஸை அதிகம் இழுக்கும். எனவே அங்கே எம்ஆர்ஐ ஸ்கேன்தான் கைகொடுக்கும்.

பளிச்சென்று தெரிந்தாலே புற்றுநோயா?

இல்லை. காசநோயும் அப்படித் தெரியும். அதனால் சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து பயாப்ஸி செய்வார்கள். டிடிஎஃப்-1 போன்ற புரதங்களைப் பார்த்து, அது நுரையீரலில் இருந்து வந்ததா என்று கணிப்பார்கள்.

இதில்தான் நோயாளியின் வாழ்க்கையே இருக்கிறது. 'பரவிவிட்டது' என்று நினைத்த ஒற்றைப் புள்ளி காசநோய் என்று தெரிந்தால், கைவிட்ட ஆபரேஷனுக்கு மறுபடி வாய்ப்பு வரலாம். பரவியது உறுதியானாலும், ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

பழைய ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையோ, சென்னை அடையாறு புற்றுநோய் மையமோ, பக்கத்துத் தெரு பல் கிளினிக்கோ, எங்கே போனாலும் அந்த ஃபைல் கூடவே போகட்டும். எந்தப் பரிசோதனைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும் என்பதை, மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.