பிளக்ல கரண்ட் வரல: 170 ரூபாய் வேலைக்கு நான் 2,770 ரூபாய் செலவு பண்ண கதை

நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு பழைய பைக்கைப் பத்திப் பேசப் போறேன். பைக்ல எதுக்குங்க பைனான்ஸ்னு கேட்டா, அந்த வாரம் நான் 1,18,440 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட இருந்தேன். அதனாலதான்.

அப்பா ஓட்டுன 100 சிசி வண்டி அது. வயசு இருபதைத் தொடப்போகுது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் என் கைக்கு வந்துச்சு. தினமும் கணபதியில இருந்து சத்தி ரோட்டைப் பிடிச்சு சரவணம்பட்டி ஆபீஸ். ஐப்பசி மழை. ஆபீஸ் பார்க்கிங்ல திறந்தவெளியில நாள் முழுக்க நனைஞ்ச வண்டி, சாயங்காலம் ஸ்டார்ட் ஆகல. கிக்கர் அடிச்சு அடிச்சு கால் போனதுதான் மிச்சம். தேதி 26. அக்கவுண்ட்ல இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்.

தள்ளிட்டுப் போய் ஒரு கடையில விட்டேன். பிளக்கைக் கழட்டிப் பாத்துட்டு, "கரண்ட் வரலைங்க"ன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் சரிதான். அதுக்கப்புறம்தான் தப்பு ஆரம்பிச்சுது. முதல்ல பிளக் மாத்தினாங்க, 110. வரல. சிடிஐ, 850. வரல. இக்னிஷன் காயில், 420. அப்பவும் வரல. லேபர் 350. ஆகமொத்தம் 1,730. கடைசியில, "வயரிங் கிட்டும் மேக்னட் காயிலும் மாத்தினாத்தான் ஆகும், 2,900 வரும்"னாங்க. நாலு நாள் ஆபீஸ் போய்வர ஆட்டோவுக்கு 1,040. ஸ்பேர்ஸ் கடையில பில்லைக் காட்டி சிடிஐயைத் திருப்பித் தரலாமான்னு கேட்டேன். கையை மேலே காட்டினார். "எலக்ட்ரிக்கல் பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு போர்டு. எல்லா ஸ்பேர்ஸ் கடையிலயும் இருக்கும் அந்த போர்டு. அதுக்கு எவ்வளவு அர்த்தம் இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. மாத்தின பார்ட் தேவையே இல்லைன்னாலும் அந்தக் காசு நம்மளோடதுதான்.

அந்தக் கடுப்புல ஒரு ஷோரூமுக்குப் போனேன். புது வண்டி ஆன்ரோடு 1,05,000. பழசுக்கு 14,000 எக்ஸ்சேஞ்ச். மீதி 91,000க்கு 36 மாசம், மாசம் 3,290. "வட்டி வெறும் 10%தான் சார்"னார். அது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய கணக்குப் போடுற முறையில பாத்தா அது 18%க்குக் கிட்ட வருது. ஆனா அன்னைக்கு இருந்த எரிச்சல்ல 18% எனக்குப் பெருசாத் தெரியல. பேனாவைக் கையில எடுத்துட்டேன். அப்பா போன் பண்ணி, "நம்ம பழைய மெக்கானிக் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எதையும் பண்ணு கண்ணு"ன்னாரு.

அவரு அப்பாவோட செட்டு. கடைன்னு போர்டு கூட கிடையாது, கணபதியில ஒரு சந்துக்குள்ள தகர ஷெட். மாத்தின சாமான் லிஸ்ட்டைச் சொன்னதும் சிரிச்சாரு. "ஏங் கண்ணு, பொட்டி போச்சுன்னு ஆரு சொன்னா? பாத்தாங்களா, இல்ல மாத்திப் பாத்தாங்களா?" சிடிஐயைத்தான் அவரு பொட்டிங்கிறாரு. பாத்தாங்களா, மாத்திப் பாத்தாங்களா. இந்த ஒரு கேள்விக்குள்ளதான் என்னோட 2,770 இருந்துச்சு.

வண்டியில கரண்ட் எப்படி வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈசி. எஞ்சினோட சுத்துற மேக்னட், உள்ள இருக்கிற காயில்ல கரண்ட்டை உண்டாக்குது. அது சிடிஐக்குள்ள இருக்கிற கெபாசிட்டர்ல சேருது. பல்சர் காயில் "இப்போ"ன்னு சிக்னல் கொடுத்ததும், சேர்ந்தது மொத்தமா இக்னிஷன் காயிலுக்குள்ள பாயுது. அங்க அது பல ஆயிரம் வோல்ட்டா ஏறி, பிளக் கேப் வழியா பிளக்குக்கு வந்து, ஒரு மில்லிமீட்டரை விடக் குறைவான இடைவெளியைத் தாண்டிக் குதிக்குது. குல்மார்க்ல பனி மேல ஓட்டுற ஸ்னோமொபைல்லயும் பெரும்பாலும் இதே சங்கிலிதான். இதுல எந்தக் கண்ணி அறுந்தாலும் அறிகுறி ஒண்ணுதான்: பிளக்ல கரண்ட் இல்ல. அதனால அறிகுறியை மட்டும் பாத்து சாமான் வாங்குறது, டிப்ஸ் கேட்டு ஷேர் வாங்குற மாதிரி.

பெரியவர் எதையும் வாங்கச் சொல்லல. செலவில்லாத சோதனையில ஆரம்பிச்சாரு. பிளக்கைக் கழட்டி முனையைத் தொட்டாரு. ஈரம், பெட்ரோல் வாசம். அப்ப எண்ணெய் வருது, நெருப்புதான் இல்ல. காஞ்சிருந்தா பெட்ரோல் பக்கம்தான் தேடியிருக்கணும். அப்புறம் பிளக்கை கேப்ல மாட்டி, அதோட உலோக உடம்பு எஞ்சின்ல நல்லாப் படுற மாதிரி வச்சு, நிழல்ல நிறுத்திக் கிக்கர் அடிச்சாரு. நீலமா, "சட்"னு சத்தத்தோட வரணும். ஒண்ணுமே இல்ல. (இதை நீங்க பண்றப்ப ரெண்டு விஷயம். பிளக் கழட்டுன ஓட்டையில இருந்து பெட்ரோல் ஆவி வெளிய பீச்சும், அதனால பிளக்கை அந்த ஓட்டைக்குத் தள்ளி வைங்க. கையால பிடிக்காதீங்க, ரப்பர் பிடி போட்ட பிளையர் வேணும்.)

அடுத்து பிளக் கேப்பைத் திருகிக் கழட்டிட்டு, வெறும் வயர் முனையை எஞ்சினுக்கு அஞ்சு மில்லிமீட்டர் தள்ளிப் பிடிச்சாரு. இங்க ஸ்பார்க் வந்தா கேப்தான் குற்றவாளி. மழைக்காலத்துல நிறைய வண்டியில அதுதான், வயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிட்டு மறுபடி திருகினாலே சரியாயிடும். எனக்கு அங்கயும் வரல.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றோம். என்னோடது ஏசி சிடிஐ வண்டி. பேட்டரி செத்திருந்தாலும் கிக்கர்ல ஸ்டார்ட் ஆகும் பழைய ரகம். இந்த ரகத்துல சாவியை ஆஃப் பண்ணா கரண்ட் நிக்கிறது எப்படி தெரியுமா? சிடிஐல இருந்து ஒரு வயர் இக்னிஷன் ஸ்விட்ச்சுக்குப் போகுது. ஆஃப் பண்ணா அந்த வயர் எர்த்ல படும், சேரவேண்டிய கரண்ட் எல்லாம் அதுவழியா ஓடிடும். அப்ப அந்த வயர் வேற எங்கயாவது தோல் உரிஞ்சு சேஸ்ல பட்டாலும், சாவி ஆன்ல இருந்தும் வண்டி ஆஃப்னே நெனச்சுக்கும். எத்தனை புது சிடிஐ மாட்டினாலும் அதேதான்.

பெரியவர் அந்த ஒரு வயரை மட்டும் கப்ளர்ல இருந்து கழட்டி ஓரமா விட்டாரு. என் வண்டியில அது கருப்புல வெள்ளைக் கோடு போட்ட வயர், உங்களோடதுல நிறம் மாறலாம். ஒரு கிக்கர். பிளக்ல நீல நிறத்துல பளீர்னு வந்துச்சு பாருங்க! "வண்டிக்கு ஒண்ணுமில்ல கண்ணு. எங்கியோ எர்த் ஆகுதாட்ட இருக்குது, தேடோணும்." ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி, கோன்செட் பக்கத்துல, இருபது வருஷமா உரசி உரசி ஒரு இடத்துல செம்பு தெரிஞ்சுது. மழைத்தண்ணி மீதி வேலையைப் பாத்திருக்கு. டேப் சுத்தி, வயரை வேற பக்கமாக் கட்டி, கப்ளரை மறுபடி மாட்டினாரு. (மாட்டாம விட்டா சாவியை ஆஃப் பண்ணாலும் எஞ்சின் நிக்காது.) டேப் 20, அவருக்கு 150.

அதுலயும் கண்டுபிடிக்க முடியலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். மல்டிமீட்டரைக் காட்டினாரு. மேக்னட் காயில், பல்சர் காயில், இக்னிஷன் காயில் மூணையும் ஓம்ஸ்ல அளந்து சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற எண்ணோட ஒப்பிடலாம். சிடிஐயை மட்டும் மீட்டர்ல உறுதியாச் சொல்ல முடியாது, அதனால அது எப்பவும் கடைசி. அதையும் வாங்கித்தான் பாக்கணும்னு இல்ல. அதே மாடல்ல ஓடுற வண்டியில இருந்து கழட்டி மாட்டிப் பாத்தாப் போதும். என் முதல் கடையில இந்த வரிசை அப்படியே தலைகீழா நடந்திருக்கு. ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லல. பாக்குற நேரத்துக்கு நாம யாரும் காசு கொடுக்கிறதில்ல, சாமானுக்குத்தான் கொடுக்கிறோம். அப்ப அவங்க சாமான்தான் விப்பாங்க. இப்பல்லாம் நான் கடைக்குப் போனதும், "செக் பண்ண 200 தர்றேன், என்னன்னு சொன்னப்புறம் சாமானைப் பேசலாம்"னு சொல்லிடறேன்.

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. கலங்கல்ல பிறந்த ஜி.டி. நாயுடு, ஹோட்டல்ல வேலை பாத்துச் சேத்த காசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் பைக்கை வாங்கி, முதல்ல பண்ண வேலையே அதை அக்கக்காப் பிரிச்சு மாட்டினதுதான். அந்த அளவுக்கு நம்மளால முடியாட்டியும் ஒரு பிளக் ஸ்பேனர் பிடிக்கலாம்.

உங்க வண்டி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் மாடலா? அப்ப இந்த வயர் கழட்டுற வேலை வேண்டாம். அதுல கரண்ட்டை ஈசியூ பாத்துக்குது, பேட்டரி வீக்கா இருந்தாலே ஸ்டார்ட் ஆகாது. வாரண்டி இருந்தா நேரா சர்வீஸ் சென்டர். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு, பியூஸ், பேட்டரி டெர்மினல் நாலையும் பாருங்க. எங்க டீம்ல ஒருத்தன் கில் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்க, டோ பண்ணி எடுத்துட்டுப் போய் 600 ரூபாய் கட்டினான். பேர் சொல்ல மாட்டேன், வீடியோ பாக்குறான்.

மாத்தின பழைய சிடிஐயும் காயிலும் நல்லாத்தான் இருக்கு. அதைக் கடையில கேட்டு வாங்கிட்டு வந்து வீட்ல ஸ்பேரா வச்சிருக்கேன். அந்த 3,290ஐ இஎம்ஐ கட்டுற மாதிரியே மாசாமாசம் 5ஆம் தேதி ஒரு ஆர்டியில போட்டுட்டு வர்றேன். போன வாரம் ஏழாவது தவணை போச்சு. வண்டி காலையில ரெண்டாவது கிக்கர்ல ஸ்டார்ட் ஆகுது.