டார்ச்சுக்கு எந்த பேட்டரி? எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள்

வங்கியில் முப்பத்திமூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஒரகடம் பக்கம் இரண்டரை ஏக்கரில் நெல்லும் காய்கறியும் இயற்கை வழியில் செய்து வருகிறேன். ஊரில் எல்லோருக்கும் நான் இன்னும் 'பேங்க் சார்'தான். எங்கள் வரப்பில் நின்று பார்த்தால், தொழிற்சாலை விளக்குகளால் வானம் ராத்திரி முழுக்க வெளுத்துக் கிடக்கும். விடிய விடிய ஷிப்ட் பஸ் ஓடும். ஆனால் காலடியில் என்ன கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

போன வருஷம் மாசி மாதம். நவரை நெல்லுக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரம். மும்முனை மின்சாரம் நடு ராத்திரிக்கு மேல்தான் வந்தது. பக்கத்து நிலத்து அண்ணன் வந்து, "பேங்க் சார், என் டார்ச்சுல கட்டை தீந்துபோச்சு. உங்களுது குடுங்க, மடை திருப்பிட்டு வந்து குடுத்துடறேன்" என்று கேட்டார். புதிதாக வாங்கிய டார்ச்சைக் கொடுத்தேன். அதிலிருந்த பேட்டரியில் 9800 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, டார்ச் பட்டென்று அணைந்துவிட்டது. பழகின வரப்புதானே என்று இருட்டில் நடந்து வந்தவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்க விடாமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். கால் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. "பாம்பு இருந்துச்சு, என் நேரம். நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்று இன்றுவரை சொல்கிறார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நகைக்கடன் கேட்டு வருபவரிடம் நகையை எடை போடாமல் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை நான். அப்படிப்பட்டவன் ஒரு உயிரை நம்பிக் கொடுக்கிற பொருளை, மேலே ஒட்டியிருந்த தாளை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் டிப்ளமோ படித்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். கொள்ளளவு காட்டும் சார்ஜர் ஒன்றைக் கொண்டுவந்து அந்த பேட்டரியைச் சோதித்தார். "சார், இதுல ஆயிரம்கூட இல்ல" என்றார். தராசில் வைத்தோம். 28 கிராம். அன்றைக்கு ஆரம்பித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேட்டரி மேல் இருக்கும் எண்

டார்ச்சுக்கான உருளை வடிவ லித்தியம்-அயனி பேட்டரியில் 18650, 21700 என்று ஐந்து இலக்க எண் இருக்கும். அது சக்தியின் அளவு இல்லை, உடம்பின் அளவு. முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு நீளம், இரண்டுமே மில்லிமீட்டரில். கடைசிப் பூஜ்யம் உருளை என்பதைக் குறிக்கும். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். 21700 என்றால் 21-க்கு 70.

இந்த வகை பேட்டரி எல்லாவற்றுக்கும் வோல்ட் ஒன்றுதான். சராசரி 3.6 அல்லது 3.7, முழுசாக ஏறினால் 4.2. அளவு பெரிதாகும்போது கூடுவது கொள்ளளவு. ஒரே ஆழத்தில் இரண்டு கிணறு இருந்தால், அகலமான கிணற்றில் தண்ணீர் அதிகம் இருக்கும் இல்லையா? அதே கணக்கு. கொள்ளளவை மில்லி ஆம்பியர்-மணியில் போட்டிருப்பார்கள். அதை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி வரும். அதுதான் கையிருப்பு.

லித்தியம் பேட்டரி நம் பகுதிக்குப் புதுசு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது. அந்தக் கம்பெனியின் 1100 என்கிற போனை மறந்திருக்க மாட்டீர்கள். 2003-இல் வந்தது, தலையில் சின்ன டார்ச் இருக்கும். அதனுள்ளே இருந்ததும் 3.7 வோல்ட் லித்தியம்-அயனி பேட்டரிதான். நம்மில் பலர் லித்தியம் வெளிச்சத்தில் முதலில் வரப்பைப் பார்த்தது அந்தப் போனால்தான்.

எந்த வேலைக்கு எந்த அளவு?

14500: நம் சுவர்க் கடிகாரத்தில் போடும் சின்ன பேட்டரியின் அளவு. 700 முதல் 1000 வரை கொள்ளளவு. எடை 20 கிராம் அளவில். சட்டைப்பை டார்ச்சுக்கு சரி, வயலுக்குப் போதாது. ஒரு எச்சரிக்கை: அளவு ஒன்றுபோல இருக்கிறதே என்று 1.5 வோல்ட் பேட்டரி போடுகிற சாதாரண டார்ச்சிலோ கடிகாரத்திலோ இதைப் போடாதீர்கள். இரண்டு போட்டால் 3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 8.4 வரை போகும். விளக்கு எரிந்துபோய்விடும்.

18650: நல்ல பேட்டரி 2000 முதல் 3500 வரை இருக்கும். எடை 44 முதல் 49 கிராம். 3000 என்று வைத்துக்கொண்டால் சுமார் 10.8 வாட்-மணி.

21700: பெரும்பாலும் 4000 முதல் 5000. எடை 70 கிராம் சுமார். 5000 என்றால் 18 வாட்-மணி.

26650: கொள்ளளவு 5000 சுமார், எடை 90 கிராம் பக்கம். 21700 வந்த பிறகு இதற்குத் தேவை குறைந்துவிட்டது. ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள், புதிதாகத் தேட வேண்டாம்.

32700: தடியாக, 140 கிராமுக்கு மேல் இருக்கும். இந்த அளவில் கிடைப்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வோல்ட் 3.2, கொள்ளளவு 6000 அளவில், அதாவது 19 வாட்-மணி. சூட்டைத் தாங்கும், அதிக தடவை சார்ஜ் ஆகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. மோட்டார் கொட்டகை விளக்குக்கும் விளக்குப் பொறிக்கும் இதுதான் பொருத்தம். பொறியை மாலை 6 முதல் 10 மணி வரை எரித்தால் போதும், அதற்கு மேல் எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாக விழும். ஒரு வாட் விளக்கு நாலு மணி நேரத்துக்கு 4 வாட்-மணி எடுக்கும். ஆக ஒரு சார்ஜில் நாலு ராத்திரி ஓடும். இதை 4.2 வோல்ட் சார்ஜரில் மட்டும் போடாதீர்கள். இதற்கு 3.65 வோல்ட்டில் நிற்கும் தனி சார்ஜர் வேண்டும்.

செலவைக் கணக்குப் போடுங்கள்

இருப்பு தெரிந்துவிட்டது. இனி செலவு. நல்ல எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளிச்சம் தரும். வரப்பில் காலடி பார்த்து நடக்க 100 லூமன் தாராளம். இலைக்கு அடியில் புரோடீனியா புழு தேடவும் அது போதும். பகலில் மண்ணில் ஒளிந்துகொண்டு ராத்திரியில்தான் அது தின்ன வரும் என்பதால், நமக்கு டார்ச் பயிர் பார்க்கிற கருவியும்தான். தூரத்தில் எலியோ பன்றியோ வந்திருக்கிறதா என்று பார்க்க 300 லூமன் வேண்டும், அதுவும் சில நிமிஷம்.

10.8 வாட்-மணி 18650-இல் வழியில் வீணாவது போக 9 மிஞ்சும் என்று வையுங்கள். 100 லூமனில் 9 மணி நேரம், 300 லூமனில் 3 மணி நேரம். 21700-இல் இது 15 மணி, 5 மணி. அப்படியானால் 'ஐயாயிரம் லூமன், பத்து மணி நேரம்' என்று டப்பாவில் போட்டிருப்பது எவ்வளவு பெரிய பொய் என்று நீங்களே வகுத்துப் பார்த்துவிடலாம்.

நான் வைத்துக்கொண்ட விதி: ஒரு ராத்திரி வேலை பேட்டரியின் பாதி இருப்பில் முடிய வேண்டும். மடை திருப்ப இரண்டு மூன்று மணி நேரம் போகிறவருக்கு 18650 போதும். அறுவடைக் களத்திலோ ஆட்டுப் பட்டியிலோ ராத்திரி முழுக்கக் காவல் இருப்பவர் 21700 வாங்கலாம்.

ஏன் பாதி? பழைய மூணு கட்டை டார்ச் மங்கி மங்கி, 'தீரப் போகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் அப்படி இல்லை. கடைசி வரை ஏறக்குறைய ஒரே வெளிச்சம் தந்துவிட்டு, பாதுகாப்புச் சுற்று துண்டித்ததும் சட்டென்று இருட்டிவிடும். அண்ணனுக்கு நடந்தது அதுதான். அதனால் மாற்று பேட்டரி ஒன்று எப்போதும் கூட இருக்கட்டும். சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள். உலோகம் இரண்டு முனையிலும் பட்டால் நெருப்பாகக் கொதிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

எடையும் உரைகல்லும்

18650-இல் 5000, 9800 என்று போட்டிருந்தால் கையில்கூட வாங்க வேண்டாம். அந்த உடம்புக்குள் அவ்வளவு கொள்ளாது. தாளில் சரியாகப் போட்டிருந்தாலும் எடை போடுங்கள். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசே போதும். 40 கிராமுக்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே அது நல்ல சரக்கு ஆகிவிடாது. நகையை எடை போட்ட பிறகும் உரைகல்லில் உரசத்தானே செய்வோம்? பி.ஐ.எஸ். முத்திரை, ஐ.எஸ். 16046 என்ற தர எண், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை. காயலான் கடைகளில் மடிக்கணினியிலிருந்தும் மின் ஸ்கூட்டரிலிருந்தும் பிரித்தெடுத்த பேட்டரி, புது உறை போட்டு மலிவாகக் கிடைக்கும். எத்தனை வருஷம் உழைத்தது, எத்தனை அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. விளக்குக்கு வேண்டாம்.

இரண்டு, மூன்று பேட்டரி வரிசையாகப் போடுகிற டார்ச்சும் வேண்டாம். பழையதும் புதுசும் கலந்தால், பலவீனமானது தலைகீழாக வடிந்து சூடாகி வெடிக்கவும் கூடும். ஒற்றை பேட்டரி டார்ச்தான் நமக்கு நல்லது. வாங்கும் முன் நீளத்தையும் பாருங்கள். பாதுகாப்புச் சுற்று வைத்த பேட்டரி சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், சில டார்ச்சில் நுழையாது. சிலதுக்குத் தலையில் மேடு வேண்டும், சிலதுக்குத் தட்டையாக இருக்க வேண்டும். டார்ச்சையே கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சேற்றிலும் மழையிலும் புழங்குவதால் ஐ.பி.எக்ஸ். 7 என்று இருப்பது நல்லது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

பராமரிப்பு

தகரக் கொட்டகையில் மதிய வெயிலில் வைக்காதீர்கள். சூடுதான் இதன் ஆயுளைக் குறைக்கும். வைக்கோல் பக்கத்திலோ படுக்கையிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். மண் தரையோ சிமெண்ட் தரையோ நல்லது. முழுசாகத் தீரவிட வேண்டாம். வங்கிக் கணக்கு மாதிரி, குறைந்தபட்ச இருப்பு எப்போதும் இருக்கட்டும். மாதக்கணக்கில் சும்மா இருக்கப் போகிறது என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பினாலும், நசுங்கினாலும், உறை கிழிந்தாலும் அதோடு விட்டுவிடுங்கள்.

இயற்கை விவசாயிக்கு லித்தியம் எதற்கு?

ஒரு கூட்டத்தில் நண்பர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. லித்தியமும் மண்ணைத் தோண்டித்தான் வருகிறது. ஆனால் இரண்டு கட்டை டார்ச்சுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு ஜோடி என்றால், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கட்டை ஆகிறது. அதெல்லாம் எங்கே போகிறது? கிணற்று மேட்டில் மரக்கன்று வைக்கக் குழி தோண்டியபோது துருப்பிடித்துக் கசிந்த பழைய கட்டைகளை நானே வாரி எடுத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் நல்ல லித்தியம் பேட்டரி ஒன்று நாலைந்து வருஷம் உழைக்கும். உழைத்து முடித்ததைக் குப்பையிலோ எருக்குழியிலோ போடக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்கும் உற்பத்தியாளர்தான் அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, சேகரிக்கும் கடையில் கொடுங்கள்.

எங்கள் வரப்பைச் சுற்றி இப்போது ஐந்து நிலக்காரர்கள் ஒரே அளவுக்கு மாறிவிட்டோம். எல்லோரிடமும் 18650 டார்ச். ஒருவருக்குத் தீர்ந்தால் அடுத்தவர் பேட்டரி பொருந்தும். காலில் கம்பூட்ஸ், கையில் தட்டிக்கொண்டு போக ஒரு குச்சி. எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் இறங்குவதில்லை.

அண்ணனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "இது கனமா இருக்குது சார்" என்றார். 47 கிராம். கொடுப்பதற்கு முன்பே நான் எடை போட்டிருந்தேன்.